பேர்ல் விழுங்கிய நூல்

டோபின் தீவு, மெய்ன்
1984 ஜனவரி 17, செவ்வாய், காலை

ஆர்லின்,

ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன். டிசம்பர் புயலில் தீவின் போன் கேபிள் அறுந்து போயிற்று. இருந்திருந்தாலும் போன் செய்யாதே என்றுதான் நீ சொல்லிவிட்டுப் போனாய். இது என் விஷயம் இல்லை. நம் பூனை பேர்லுக்கு உடம்பு சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வசந்தத்துக்கு லாப்ஸ்டர் கூண்டுகளில் இரை வைக்க வேண்டிய வலைப்பைகளைப் பின்னிக்கொண்டிருந்தேன். மேஜையில் இருந்த நைலான் நூல்கண்டு அதுவரை மீன் கொட்டகையில் கிடந்தது. அதில் உப்பு ஹெர்ரிங் மீன் வாசனை ஊறிப் போயிருந்தது. விறகு எடுக்க வெளியே போனேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால் கண்டு அடுப்புக்குக் கீழே கிடக்கிறது, நுனி கடிபட்டு ஈரமாக. ஆறடிக்கு மேல் நூலைக் காணோம். அடுப்பை நகர்த்திப் பார்த்தேன், கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நேற்று மூன்று தடவை வாந்தி எடுத்தாள். மஞ்சளாக வெறும் தண்ணீர். ஹாடக் மீனை வேக வைத்துக் கொடுத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தொண்டையில் ஏதோ இருப்பது போல விழுங்கிக்கொண்டே இருக்கிறாள்.

பக்கத்து வீட்டு வின்ஸ்லோ கிழவரிடம் கேட்டேன். "பூனை வயித்துக்குள்ள போனது தானா வெளிய வந்துடும்டா. எங்க வீட்டுப் பூனை ஒரு முழ ஷூ லேஸை முழுங்கிட்டு மூணாம் நாள் ஜம்முனு கழிச்சுது" என்றார். நீ மாட்டு டாக்டர் கிளினிக்கில் வேலை செய்கிறாய். உனக்குத் தெரியும். என்ன செய்வதென்று எழுது.

கிளைட் தபால் படகை இன்ஜின் ஓட விட்டபடி நிறுத்தியிருக்கிறான். கத்துகிறான். இத்துடன் முடிக்கிறேன்.

எல்வுட்


ராக்லாந்து
ஜனவரி 17, செவ்வாய், பிற்பகல்

எல்வுட்,

கிளைட் உன் கடிதத்தைக் கிளினிக்கிலேயே கொண்டுவந்து கொடுத்தான். படித்துவிட்டு முதலில் அவன் கையைத்தான் பார்த்தேன். கூடை ஏதாவது இருக்கிறதா என்று. தபால் படகு உன் கண் முன்னால் நின்றது. கடிதத்தை ஏற்றினாய், பூனையை ஏற்றவில்லை.

சரி. அதை விடு. கீழே எழுதியதை நிதானமாகப் படி. டாக்டர் பிங்கமிடம் கேட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

வின்ஸ்லோ சொன்னதைக் கேட்காதே. பொத்தான், கோலிக்குண்டு மாதிரி உருண்டையானது சில சமயம் வெளியே வந்துவிடும். நூல் அப்படி இல்லை. ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ளும், பெரும்பாலும் நாக்குக்கு அடியில். மறுமுனையைக் குடல் கீழே இழுத்துக்கொண்டே போகும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அந்த மாதிரி குடல் முழுக்கச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு நூல் குடலை அறுக்க ஆரம்பிக்கும். நைலான் அறுக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் உள்ளங்கையைப் பார்.

சாப்பிட எதுவும் வைக்காதே. எண்ணெய் ஊற்றாதே. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே. அவளை மடியில் வைத்துக்கொண்டு, தாடைக்கு அடியில் கட்டைவிரலால் மெல்ல மேலே தள்ளு, நாக்கு தூக்கிக்கொள்ளும். அடியில் நூல் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் தொடாதே. வாயிலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்காதே. எவ்வளவு சுலபமாக வரும் போலத் தெரிந்தாலும் இழுக்காதே. டாக்டர் இதை மூன்று தடவை சொன்னார், அதனால்தான் மூன்று தடவை எழுதுகிறேன். இழுக்காதே.

பெட்டியில் கம்பளி போட்டு, அவளை அதில் வைத்து, வியாழக்கிழமை படகில் கொண்டு வா. ஆபரேஷனுக்கு இங்கே எல்லாம் தயாராக இருக்கும். நான் அன்றைக்கு வேலைக்கு வரக்கூடாது என்று நீ நினைத்தால் வராமல் இருக்கிறேன். அதற்காக நீ வராமல் இருக்காதே.

எதையும் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்வது உன் சுபாவம். அது எனக்கு என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை பொறுக்காதே.

ஆர்லின்


டோபின் தீவு
ஜனவரி 20, வெள்ளி

ஆர்லின்,

நேற்று படகு வரவில்லை. வடகிழக்குக் காற்று. துறைமுக வாயிலில் அலை பாறைக்கு மேலே ஏறி உடைகிறது. நாளையும் வராது என்கிறார்கள். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரியாமலே இதை எழுதுகிறேன். எழுதி வைத்தால் படகு வரும்போது கொடுத்துவிடலாம்.

புதன்கிழமை வின்ஸ்லோ மீன் எண்ணெய் கொண்டுவந்தார். "ரெண்டு ஸ்பூன் ஊத்து, வழுக்கிட்டு வந்துடும்" என்றார். ஊற்றினேன். பாதியைத் துப்பிவிட்டாள், பாதி மூக்கில் ஏறி இருமினாள். வழுக்கிக்கொண்டு எதுவும் வரவில்லை.

இன்று காலை அவளைத் துடைத்து விடும்போது பார்த்தேன். வாலுக்குக் கீழே நூல் நுனி, ஒரு விரல்கடை நீளம் தொங்கியது. எனக்கு உயிர் வந்தது போல் இருந்தது. கிழவர் சொன்னதுதான் சரி, வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நுனியைப் பிடித்தேன். தானாக வரட்டும், பொறுப்போம் என்றுதான் முதலில் தோன்றியது. உடனே உன் முகம் நினைவுக்கு வந்தது. 77 மார்ச்சில் படுக்கையில் வலியோடு சுருண்டு கிடந்தபடி என்னைப் பார்த்தாயே, அந்த முகம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் ஜன்னலில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, "காத்து அடங்கட்டும், காலைல போய்க்கலாம்" என்றேன். பொறுத்தேன். குழந்தை போய்விட்டது. இந்தத் தடவை பொறுக்கக்கூடாது என்று இழுத்தேன்.

ஒரு சாண் வந்தது. அதற்கு மேல் எதிலோ பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவள் கத்தினாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. விட்டுவிட்டேன். வெளியே வந்த நூலில் ரத்தம் இருந்தது.

என் படகு கரையில் ஏற்றிக் கிடக்கிறது, இன்ஜினைக் கழற்றி வைத்திருக்கிறேன். பர்ட்டிடம் போய் அவன் படகைக் கேட்டேன். "ஒரு பூனைக்காகவா எல்வுட்? இந்தக் காத்துலயா? போய் அடுப்புகிட்ட உக்காரு" என்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு, காலை. காற்று இறங்கிவிட்டது. கிளைட் வருகிறான், கொடிக்கம்பத்தில் இருந்து படகு தெரிகிறது. பேர்லின் வயிறு இரண்டு நாளாகப் பலகை மாதிரி இருக்கிறது. காது குளிர்ந்திருக்கிறது. பெட்டி தயார் செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உன்னிடம் கையிலேயே கொடுக்கிறேன், வாயால் சொல்ல என்னால் முடியாது.

எல்வுட்


டோபின் தீவு
ஜனவரி 26, வியாழன்

ஆர்லின்,

உன் கடிதத்தைப் படகில்தான் படித்தேன். கிளைட் கொடுத்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இழுக்காதே என்று நீ எழுதியிருந்ததை மூன்று இடத்திலும் படித்தேன். அப்போது ஒரு மணி நேரம் கடல் பாக்கி இருந்தது. நீ சொன்ன மாதிரி கட்டைவிரலால் அவள் தாடையைத் தள்ளிப் பார்த்தேன். நாக்கின் அடியில் நூல் வளையம் போட்டு, சதைக்குள்ளேயே புதைந்து கிடந்தது. முதல் நாளே பார்த்திருக்கலாம்.

கிளினிக் அறையில் நாம் பேசியது எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். நீ "இழுத்தியா?" என்றாய். நான் "இழுத்தேன்" என்றேன். அவ்வளவுதான். அவளைப் பிடித்துக்கொண்டாய், நான் சுவரோரம் நின்றேன். நீ முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாய் என்பதைக்கூட வெளியே வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார். "குடல் ஏழெட்டு இடத்துல அறுந்திருக்கு. தைக்க நல்ல சதையே இல்ல. மயக்கத்துலேயே போக விட்டுடறது அவளுக்கு நல்லது. யார் கையெழுத்துப் போடறீங்க?" நீ அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாய். போட்டேன்.

மண் இரும்பு மாதிரி உறைந்து கிடக்கிறது, தோண்ட முடியவில்லை. பெட்டியை மீன் கொட்டகையில் மேல் பலகையில் வைத்திருக்கிறேன். மண் இளகினதும் புதைப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை அவளை ஏன் படகில் ஏற்றவில்லை என்று கேட்டிருந்தாய். வின்ஸ்லோ சொன்னதால் இல்லை. பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். பூனையோடு வந்து உன் முன்னால் நிற்கப் பயமாக இருந்தது. நீ கதவைச் சாத்திவிடுவாய் என்று நினைத்தேன். கடிதம் என்றால் நீ எனக்குத் தெரியாமல் கிழித்துப் போடலாம்.

ஒன்று கேட்க வேண்டும். டாக்டரிடம் கேட்டு எழுது. நான் இழுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா? அவரிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுக்கு வந்துவிட்டேன். உண்மையை எழுது. எனக்காக மாற்றி எழுதாதே.

எல்வுட்


ராக்லாந்து
பிப்ரவரி 3, வெள்ளி

எல்வுட்,

கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "செவ்வாக்கிழமை வந்திருந்தா நிச்சயமா பொழச்சிருக்கும். வெள்ளிக்கிழமை காலைல பாதிக்குப் பாதி. இழுத்தது அந்தப் பாதியையும் எடுத்துடுச்சு. ஆனா நிறைய பேர் இழுக்கத்தான் செய்வாங்க, ஆர்லின். கண்ணு முன்னால நூல் தொங்கினா கை சும்மா இருக்காது."

வேறு மாதிரி எழுதலாம் என்று நான்கு நாள் நினைத்தேன். எப்படியும் செத்திருப்பாள், உன் கையால் எதுவும் ஆகவில்லை என்று. எழுதியும் பார்த்தேன். கிழித்துவிட்டேன். நீ மாற்றி எழுதாதே என்று கேட்டாய்.

அந்தக் கடிதத்தைக் கிழித்தபோதுதான் வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. பூனை விஷயத்தில் உனக்கு உண்மையைச் சொல்கிற நான், குழந்தை விஷயத்தில் ஏழு வருஷமாகச் சொல்லவில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வலி வந்தது. திங்கட்கிழமை காலை நீ என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாய். பிரசவம் முடிந்த பிறகு டாக்டர் என் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார், "வலி வர்றதுக்கு முன்னாலேயே குழந்தையோட இதயம் நின்னுடுச்சும்மா. மூணு நாளாவது இருக்கும். உடம்பப் பாத்தாலே தெரியுது. நேத்தே வந்திருந்தாலும் எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது." நீ அப்போது டிரக்கை நகர்த்தி வைக்கக் கீழே போயிருந்தாய். நீ திரும்பி வந்தபோது நான் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நேத்தே கிளம்பியிருக்கணும்" என்றாய். நான் "ஆமா" என்றேன்.

இது மட்டும் என்றால் கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்றும் இருக்கிறது. அந்த வாரம் வியாழக்கிழமை காலையிலிருந்தே வயிற்றில் அவள் அசையவில்லை. எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போது எப்போதும் உதைப்பாள், அன்று உதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பக்கம் மாறிப் படுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை சில்லென்று ஆரஞ்சு ஜூஸ் குடித்துப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். நீ ஒரு ராத்திரி பொறுத்தாய். நான் மூன்று நாள் பொறுத்தேன். வியாழக்கிழமையே கடல் கண்ணாடி மாதிரி இருந்தது, நாம் போயிருக்கலாம். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

உன் மேல் போட்டால்தான் என்னால் எழுந்து நடக்க முடிந்தது. அப்படியே ஆறு வருஷம் உன்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாய். அதைப் பார்க்க முடியாமல்தான் போன ஏப்ரலில் கிளம்பினேன். நீ பொறுத்ததால் கிளம்பினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அந்தப் பழியினால்தான் நீ நூலை இழுத்தாய். உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். டாக்டர் பிங்கம் சொன்ன அந்தப் பாதியை எடுத்தது என் கைதான்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டியது உன் வேலையாகிவிடும்.

ஆர்லின்


டோபின் தீவு
பிப்ரவரி 21, செவ்வாய்

ஆர்லின்,

உன் கடிதத்தைப் படித்துப் பதினேழு நாள் ஆகிறது. ஆறு படகு போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் கிளைட், "ராக்லாந்துக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

முதல் நாள் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொட்டகைக்குப் போய்க் கூண்டுகளைச் சரி செய்தேன், மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது கோபம் வந்தது. கெட்டிலைத் தரையில் எறிந்தேன். மூன்றாம் நாள் அதுவும் போய்விட்டது. அதற்குப் பிறகு இருப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ அறியாதது ஒன்று உண்டு, அல்லது அறிந்திருப்பாய். 77க்குப் பிறகு இந்தத் தீவில் யார் கேட்டாலும் நான் படகை எடுப்பேன். எந்தக் காற்றானாலும். ஸ்கூல் டீச்சரைக் குடல்வால் வெடிக்கிறது என்று பனிப்புயலில் கொண்டுபோனேன். பர்ட் மனைவியை இரண்டு தடவை. ஒருத்தன் கையில் மீன்முள் ஏறிவிட்டது என்றான், மறுநாள் போயிருக்கலாம், அவனையும் கொண்டுபோனேன். அன்று பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் படகில் ஏறிய ஐஸைக் கோடாலியால் உடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமே இல்லை. போனால் போகட்டும் என்றிருந்தது. எல்லாரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். நீ அடுப்படியில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லாமல் என் கோட்டை வாங்கி உலர்த்துவாய். அப்போது உனக்குத் தெரிந்திருந்தது.

அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. சொல்லாததைக்கூடப் புரிந்துகொள்ள முடிகிறது. கோட்டை வாங்கி உலர்த்தியதை முடியவில்லை.

திரும்பி வா என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை. இந்தச் சமையலறையில் நாம் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவோம் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வராதே என்று எழுதவும் முடியவில்லை. அதனால் இரண்டையும் எழுதவில்லை.

பூனையை நான்தான் கொன்றேன். அதை நீ எடுத்துக்கொள்ளாதே. என் கை, என் நூல், நான் கண்டை மேஜையில் வைத்துவிட்டு விறகுக்குப் போனேன். எனக்கென்று அதையாவது விடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று ஆஸ்பத்திரி நடையில் நர்ஸ் என்னிடம் வந்து, "குழந்தையப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் கொன்றதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். பெண் என்று மட்டும் தெரியும். இப்போது அந்த உரிமை எனக்கு இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அவள் எப்படி இருந்தாள்? முடி இருந்ததா? யார் ஜாடை? நீ அவளோடு அந்த அறையில் இருந்தாய். கொஞ்சம் எழுது. எவ்வளவு கொஞ்சமானாலும் சரி.

எல்வுட்


ராக்லாந்து
மார்ச் 1, வியாழன்

எல்வுட்,

கிளைட் காத்திருக்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அவன் காத்திருக்காவிட்டாலும் இவ்வளவுதான் எழுத முடியும்.

நானும் பார்க்கவில்லை. துணியில் சுற்றி என் பக்கத்தில் கொண்டுவந்து, "ஒரு நிமிஷம் வச்சுக்கறீங்களா, அப்புறம் வருத்தப்படுவீங்க" என்று நர்ஸ் சொன்னாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவள் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது, ஷூ சத்தம் வரவில்லை. அப்புறம் போய்விட்டாள்.

நீ பார்த்திருப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பிரசவம் பார்த்த டாக்டர் போன வருஷம் காலமாகிவிட்டார். அவளைப் பார்த்தவள் அந்த நர்ஸ் ஒருத்திதான். அவள் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆர்லின்